கிப்லா திசை மாறிய தீவு



கரீபியன் கடல் என்றதும் நம் கண்முன் வருவது பயண நிறுவனங்கள் அச்சிடும் வண்ணப் படங்கள்தாம். வெண்மணல், தென்னை, நீலக்கடல், நிழற்குடையின் கீழ் ஒரு நாற்காலி. அமெரிக்காவிலும் கனடாவிலும் பணிபுரியும் நம் பிள்ளைகள் விடுமுறைக்கு அந்தத் தீவுகளுக்குச் செல்வது இப்போது வழக்கமாகிவிட்டது. ஊரிலிருந்து வந்திருக்கும் உம்மா, வாப்பாவையும் உடனழைத்துச் செல்வோர் உண்டு. அதில் குறை காண ஏதுமில்லை. ஆயினும் பூமியில் பயணம் செய்யுங்கள், முன்சென்றோரின் நிலை என்னவாயிற்று என்று பாருங்கள் என்று திருமறை பல இடங்களில் நம்மைத் தூண்டுகிறது. மணலில் அமர்ந்திருப்பதால் மட்டும் அந்தப் பார்வை கிடைத்துவிடாது.

இந்த மாதம் அத்தீவுகளில் ஒன்றான டிரினிடாடுக்குச் செல்வோம். தென் அமெரிக்காவின் வெனிசுவேலாக் கரையிலிருந்து ஏறத்தாழ 11 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது இது. டொபாகோ என்ற சிறுதீவுடன் இணைந்து 1962ஆம் ஆண்டு விடுதலை பெற்ற நாடு. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மக்களில் நூற்றுக்கு ஐவர் முஸ்லிம்கள். நோன்புப் பெருநாள் அங்கே அரசு விடுமுறை. இந்த ஐந்து விழுக்காட்டின் பின்னால் இரண்டு வரலாறுகள் இருக்கின்றன. ஒன்று, பாதியில் அறுந்துபோனது. மற்றொன்று, அறுந்துவிடும் நிலைக்கு வந்தும் அறாமல் நின்றது. அங்குள்ள பழைய இடங்களைப் பார்க்கச் செல்பவர் இவ்விரண்டையும் மனத்தில் வைத்துக்கொண்டு சென்றால்தான், கோட்டையும் கொத்தளமும் வாய் திறந்து பேசும்.

முதலில் பார்க்க வேண்டியது நெல்சன் தீவு. தலைநகரான போர்ட் ஆஃப் ஸ்பெயினுக்கு மேற்கே, பாரியா வளைகுடாவில் கிடக்கும் சிறு பாறைத் திட்டு அது. தேசிய பாரம்பரிய அறக்கட்டளை ஏற்பாடு செய்யும் படகில் முன்பதிவு செய்து செல்லலாம். அங்குள்ள கட்டடங்களில் ஒன்று 1802ஆம் ஆண்டில் ஆப்பிரிக்க அடிமைகளைக் கொண்டு எழுப்பப்பட்டது. டிரினிடாடின் மிகப் பழைய கட்டடங்களில் ஒன்றாக எண்ணப்படுகிறது. அடிமை முறை ஒழிந்த பிறகு அதே தீவுக்கு வேறு மனிதர்கள் வந்து இறங்கினார்கள். அவர்கள் நம் நாட்டவர்.

1834 ஆகஸ்ட் முதல் நாள் பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளில் அடிமை முறை ஒழிக்கப்பட்டது. ஆனாலும் பயிற்சிக் காலம் என்ற பெயரில் அந்த மக்களை 1838 வரை தோட்டங்களிலேயே பிடித்து வைத்திருந்தார்கள். அதுவும் முடிந்ததும், விடுதலை பெற்ற ஆப்பிரிக்கர் பலர் கரும்புத் தோட்டங்களை விட்டு அகன்றனர். துரைமார்களுக்குக் கரும்பு வெட்ட ஆள் வேண்டும். கண் இந்தியாவின் மேல் விழுந்தது. ஐந்தாண்டு ஒப்பந்தம் என்று கைநாட்டு வாங்கிக் கப்பலேற்றினார்கள்.

முதல் கப்பல் 1845 பிப்ரவரி 16ஆம் நாள் கல்கத்தாவிலிருந்து புறப்பட்டு, மே 30ஆம் நாள் டிரினிடாட் கரையை அடைந்தது. நூறு நாளுக்கும் மேற்பட்ட கடற்பயணம். சுமார் 225 பேர் அதில் வந்தனர். அந்தக் கப்பலின் பெயரை அங்குள்ள நூல்களில் 'ஃபேடல் ரோஸாக்' என்று எழுதியிருப்பார்கள். பொருள் விளங்காத ஏதோ ஆங்கிலப் பெயர் போலத் தோன்றும். உண்மைப் பெயர் 'ஃபத்ஹுர் ரஸ்ஸாக்'. உணவளிப்பவனாகிய அல்லாஹ் தரும் வெற்றி என்று பொருள். பம்பாய் முஸ்லிம் வணிகர் ஒருவருக்குச் சொந்தமான கப்பல் அது. கூலிகளாய்ப் போன ஏழைகளில் முஸ்லிம்கள் இருந்தார்கள்; அவர்களை ஏற்றிச் சென்று வாடகை பெற்றவரும் முஸ்லிமே. மே 30ஆம் நாளை அங்கே இந்தியர் வருகை தினம் என்று அரசு விடுமுறையாகக் கொண்டாடுகிறார்கள். கப்பலின் பெயரும் மேடைகளில் பெருமையுடன் சொல்லப்படுகிறது. அந்தப் பெருமையில் நாமும் பங்கு கேட்பதானால், கணக்கின் இந்தப் பக்கத்தையும் சேர்த்தே ஏற்க வேண்டியிருக்கும்.

1845 முதல் 1917 வரை இவ்வாறு வந்தவர்கள் 1,40,000 பேருக்கும் மேல். பெரும்பாலோர் இன்றைய உத்தரப் பிரதேசம், பீகார் பகுதியினர். 1846 முதல் சென்னைத் துறைமுகத்திலிருந்தும் சில கப்பல்கள் சென்றன. அவற்றில் தமிழரும் தெலுங்கரும் இருந்தனர். தீவின் நடுப்பகுதியில் குனுபியா என்ற ஊரருகே 'மெட்ராஸ் செட்டில்மென்ட்' என்ற பெயரிலேயே ஒரு குடியிருப்பு இருக்கிறது. நம்மூர்ப் பெயரை அங்கே பலகையில் படிப்பவர்க்கு ஒரு கணம் நெஞ்சு நின்று துடிக்கும்.

1866 முதல் நெல்சன் தீவே இறங்குதுறை ஆயிற்று. நோய் உண்டா என்று பார்ப்பார்கள். உடல் தேறும்வரை வைத்திருப்பார்கள். பிறகு இன்ன தோட்டத்துக்கு இத்தனை பேர் என்று பிரித்து அனுப்புவார்கள். தோட்டத்துக்குப் போனபின் அனுமதிச் சீட்டின்றி வெளியே கால் வைத்தால் சிறை. வேலைக்கு வராவிட்டாலும் சிறை. அடிமை இல்லை என்று எழுதிக் கொடுத்த தாளில் அடிமைத்தனத்தின் வாடை வீசியது.

இத்தீவின் கதை அத்துடன் முடியவில்லை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஐரோப்பாவிலிருந்து தப்பி வந்த யூத அகதிகளை இங்கே காவலில் வைத்தார்கள். எண்ணெய் வயல் தொழிலாளர் தலைவர் யூரியா பட்லர் போர்க்காலம் முழுதும் இங்கே சிறையிருந்தார். 1970ஆம் ஆண்டுக் கறுப்பின எழுச்சியின் தலைவர்களும் இங்கே அடைக்கப்பட்டனர். ஒரே கல்லுக்குள் எத்தனை பேருடைய பெருமூச்சு!

இங்கே நிற்கும்போது பிள்ளைகளிடம் ஒரு கேள்வி கேட்கலாம். கிப்லா எந்தத் திசை? நம் நாட்டில் மேற்கு நோக்கி நின்று தொழுது பழகியவர்கள் நாம். கல்கத்தாவில் கப்பலேறியவர்களும் அப்படியே. டிரினிடாடில் கஅபா இருப்பது கிழக்கே, சற்று வடக்குச் சாய்ந்து. எழுதப் படிக்கத் தெரியாத ஒரு விவசாயி, மூன்றரை மாதம் கப்பலின் அடித்தட்டில் கிடந்து கரையேறி, வாழ்நாளெல்லாம் சூரியன் மறையும் திசை நோக்கித் தொழுதவன், இனிமேல் சூரியன் உதிக்கும் திசை நோக்கித் தக்பீர் கட்ட வேண்டும். புறப்பட்ட ஊர் எவ்வளவு தூரத்தில் போய்விட்டது என்பதை இதைவிடத் தெளிவாக எந்த வரைபடமும் அவனுக்குச் சொல்லியிருக்க முடியாது.

இனிப் போர்ட் ஆஃப் ஸ்பெயினுக்குத் திரும்புவோம். நகரத்தின் மேலுள்ள குன்றில் ஜார்ஜ் கோட்டை. கடல் மட்டத்திலிருந்து சுமார் 335 மீட்டர் உயரம். 1804ஆம் ஆண்டில் ஆளுநர் ஹிஸ்லாப் கட்டியது. எந்தப் போரையும் பார்க்காத கோட்டை. படை வருகிறது என்று வதந்தி கிளம்பினால் வணிகர்கள் பணத்தையும் கணக்கேடுகளையும் இங்கே கொண்டுவந்து பத்திரப்படுத்துவார்களாம். அங்கே நிற்கும் சமிக்ஞை வீட்டை 1883இல் வடிவமைத்துக் கட்டியவர் கோஃபி இன்டி என்ற அசாந்தி இளவரசர். மேற்கு ஆப்பிரிக்காவில் பிரிட்டிஷார் வென்றடக்கிய அரசரின் மகன். காட்சிக்கு இனிய இடம், காற்றும் நன்று, பிள்ளைகளுக்குப் பீரங்கிகளைத் தொட்டுப் பார்க்கலாம். ஒரு மணி நேரம் போதும்.

நான் நீண்ட நேரம் நிற்கச் சொல்வது பலகையே இல்லாத ஓர் இடத்தில். இடம் என்றுகூடச் சொல்ல முடியாது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்நகரத் தெருக்களில் ஒரு முஸ்லிம் ஜமாஅத் இருந்தது. இந்திய முஸ்லிம்கள் வந்து சேர்வதற்கு ஒரு தலைமுறைக்கு முன்பே. அவர்கள் மேற்கு ஆப்பிரிக்காவின் மாண்டிங்கோ மக்கள். போரில் பிடிபட்டோ, வழியில் கடத்தப்பட்டோ அடிமைகளாக விற்கப்பட்டவர்கள். அவர்களில் குர்ஆன் ஓதத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். அரபியில் எழுதத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். தம்மை வாங்கிய எஜமானர்கள் பலரைவிட எழுத்தறிவு மிக்கவர்களாய் இருந்தார்கள் என்றாலும் மிகையாகாது.

அவர்களின் தலைவர் ஜோனஸ் முஹம்மது பாத். யூனுஸ் என்பதே ஜோனஸ் ஆகியிருக்க வேண்டும். 1804, 1805 வாக்கில் அடிமையாகக் கொண்டுவரப்பட்டவர். தம் விடுதலையைத் தாமே விலை கொடுத்து வாங்கினார். அதன் பிறகு அந்த ஜமாஅத் செய்த காரியம் பொன்னெழுத்தில் பொறிக்கத்தக்கது. ஒவ்வொருவரும் தம் உழைப்பில் மிச்சம் பிடித்த காசைப் பொது நிதியில் போட்டார்கள். அந்த நிதியைக் கொண்டு அடிமைத்தளையில் கிடந்த தம் சகோதரர்களை ஒவ்வொருவராக விலைக்கு வாங்கி விடுதலை செய்தார்கள். விடுதலை பெற்றவர் தாமும் உழைத்து நிதியில் சேர்ப்பார். அடுத்தவர் விடுதலை பெறுவார். ஸகாத்தைச் செலவிட வேண்டிய எட்டு வகையினருள் அடிமைகளின் விடுதலையும் ஒன்று என்று நாம் மத்ரஸாவில் படிக்கிறோம். இந்தக் காலத்தில் அதற்கு வேலையில்லை என்று கடந்து போகிறோம். அந்த ஒரு வகையை மட்டும் வாழ்நாள் பணியாகக் கொண்ட ஒரு ஜமாஅத், அட்லாண்டிக் கடலுக்கு அப்பால், ஒரு துறைமுக நகரத்தில் இயங்கியது.

முழு உண்மையையும் சொல்லிவிட வேண்டும். அவர்களுள் வசதி பெற்ற சிலர் தாமே அடிமைகளை வைத்திருந்தனர் என்பதும் வரலாற்றில் பதிவாகியிருக்கிறது. அந்தக் காலத்துப் பழக்கம் என்று சொல்லி இதை மூடிவிட எனக்கு மனம் வரவில்லை.

அவர்களின் இறுதி ஆசை தாய்நாடு திரும்புவது. 1833இலும் 1838இலும் பிரிட்டிஷ் அரசுக்கு விண்ணப்பம் எழுதினார்கள். எங்களைக் கப்பலேற்றி ஆப்பிரிக்காவுக்கு அனுப்பி வையுங்கள் என்பதே சாரம். ஏற்கப்படவில்லை. முஹம்மது ஸீஸே என்ற ஒருவருக்கு மட்டும் வழி பிறந்தது. காம்பியா ஆற்றுப் பகுதியில் பிறந்து, ஊரில் ஓதிக் கொடுத்துக்கொண்டிருந்தவர் அவர். பிடிபட்டு விற்கப்பட்டு, அடிமைக் கப்பல் நடுக்கடலில் பிரிட்டிஷாரிடம் சிக்கியதால், மேற்கிந்தியப் படைப்பிரிவில் சிப்பாயாகச் சேர்க்கப்பட்டார். படையிலிருந்து விடுபட்டபின் போர்ட் ஆஃப் ஸ்பெயின் ஜமாஅத்தில் இணைந்தார். 1838இல் மனைவி, குழந்தையுடன் லண்டன் வழியாகத் தாயகம் சென்றார். அரச புவியியல் சங்கத்தின் ஏட்டில் அவர் வரலாறு அதே ஆண்டில் அச்சேறியது. அதனால்தான் இவ்வளவாவது நமக்குத் தெரிகிறது.

மற்றவர்கள்? ஜோனஸ் பாத் 1838இல் காலமானார். ஏனையோரும் ஒருவர் பின் ஒருவராக மண்ணில் மறைந்தனர். பேரப் பிள்ளைகள் காலத்தில் அந்த ஜமாஅத் இல்லை. பணம் சேர்த்து உடலை மீட்டவர்கள், ஒழுக்கத்தில் உறுதியாக நின்றவர்கள், ஓதத் தெரிந்தவர்கள். இருந்தும் மார்க்கம் அடுத்த தலைமுறைக்குப் போய்ச் சேரவில்லை. ஏன் என்று கேட்பவருக்கு விடை அந்தத் தெருக்களிலேயே இருக்கிறது. வந்தவர்களில் ஆண்களே மிகுதி. முஸ்லிம் பெண்கள் மிகச் சிலர். ஆப்பிரிக்காவிலிருந்து புதிதாக ஓதிக்கொடுப்பவர் எவரும் வரவில்லை. குழந்தைகள் பேசும் மொழி வேறு, படிக்கும் பள்ளி வேறு, பெயர் வேறு. உம்மாவின் மடியில் கலிமாவைக் கேட்காத குழந்தைக்கு வாப்பாவின் அறிவு எவ்வளவு பெரிதாயினும் எட்டாமற் போயிற்று.

நகரின் நடுவே செந்நிற மாளிகை ஒன்று காண்பீர்கள். 'ரெட் ஹவுஸ்' எனப்படும் நாடாளுமன்றக் கட்டடம். 1903இல் தண்ணீர் வரியை எதிர்த்து எழுந்த கலகத்தில் பழைய கட்டடம் எரிந்தது. இப்போதிருப்பது 1907இல் திறக்கப்பட்டது. 2013இல் பழுதுபார்க்கத் தோண்டியபோது, அடியில் மனித எலும்புகள் கிடைத்தன. ஐரோப்பியர் வருமுன் அங்கு வாழ்ந்த ஆதிகுடிகளின் எச்சங்கள் அவை. 2019இல் உரிய சடங்குகளுடன் அங்கேயே மீண்டும் அடக்கம் செய்யப்பட்டன. முஸ்லிம் வாசகர் இந்தக் கட்டடத்தின் முன் தலைகுனிய ஒரு காரணமும் உண்டு. 1990 ஜூலை 27ஆம் நாள் 'ஜமாஅத் அல் முஸ்லிமீன்' என்ற பெயர் தாங்கிய ஆயுதக் குழு இதனுள் புகுந்து, பிரதமரையும் உறுப்பினர்களையும் ஆறு நாள் பிணையாக வைத்தது. அந்நாட்களில் 24 பேர் மாண்டனர். அதே வேளையில் நாட்டின் குடியரசுத் தலைவராக இருந்தவரும் ஒரு முஸ்லிம்தான். ஒப்பந்தக் கூலிகளின் வழித்தோன்றலாகிய நூர் ஹஸனலி. நீதிபதியாயிருந்து உயர்ந்தவர், 1987 முதல் 1997 வரை பதவி வகித்தார், அமெரிக்கக் கண்டங்களில் நாட்டுத் தலைவரான முதல் முஸ்லிம். அவர் இருந்தவரை குடியரசு மாளிகை விருந்துகளில் மது பரிமாறப்படவில்லை. வற்புறுத்தலும் இல்லை, விளம்பரமும் இல்லை. தாவரவியல் தோட்டத்தை ஒட்டி அம்மாளிகை இருக்கிறது. வெளியிலிருந்தேனும் பார்த்து வரலாம்.

இங்கிருந்து கிழக்கே சிறிது தூரத்தில் செயின்ட் ஜோசப். 1592இல் ஸ்பானியர் நிறுவிய முதல் தலைநகரம். மூன்றாண்டுக்குள் ஆங்கிலேயர் வால்ட்டர் ராலே வந்து கொளுத்திவிட்டுப் போனார். 1837இல் இங்கிருந்த படைமுகாமில் ஒரு கலகம் வெடித்தது. அடிமைக் கப்பல்களிலிருந்து மீட்கப்பட்ட ஆப்பிரிக்கர்களை ஊருக்கு அனுப்பாமல் சிப்பாய்களாக்கி வைத்திருந்தார்கள். டாகா என்பவர் தலைமையில் அவர்கள் கிளர்ந்தெழுந்தனர். டாகா சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த ஊரில், பெருஞ்சாலை ஓரத்திலேயே, குவிமாடமும் மினாராக்களுமாக எழுந்து நிற்கிறது ஜின்னா நினைவுப் பள்ளிவாசல். 1954இல் திறக்கப்பட்டது. தீவின் அழகிய பள்ளிவாசல்களில் ஒன்று. ஒரு வக்து தொழுகையை இங்கே அமைத்துக்கொள்ளும்படி பயணத்தைத் திட்டமிடுங்கள்.

ஓலைக் குடிசையில் தொடங்கிய தொழுகை, இப்படி வானுயர்ந்த மாடத்துக்கு எப்படி வந்தது? ஒப்பந்தம் முடிந்த கூலிகளுக்கு 1869 முதல், ஊர் திரும்பும் கப்பல் உரிமையை விட்டுக் கொடுத்தால் அதற்கு ஈடாக நிலம் தரப்பட்டது. சிறுசிறு கிராமங்கள் உருவாயின. குடும்பமாக வாழ வழி பிறந்தது. ஒருவர் வீட்டு முற்றத்தில் பிள்ளைகள் அமர்ந்து ஓதினார்கள். ஆப்பிரிக்க முஸ்லிம்களுக்குக் கிடைக்காத பேறு இதுவே.

ஆனால் ஆபத்து வேறு உருவில் வந்தது. 1868 முதல் கனடா நாட்டுப் பாதிரிமார் இந்தியக் குழந்தைகளுக்கென்றே பள்ளிக்கூடங்கள் திறந்தனர். படிப்பு வேண்டுமென்றால் அங்கேதான் போக வேண்டும். நல்ல கல்வி கொடுத்தார்கள், அதை மறுப்பதற்கில்லை. கூடவே ஞானஸ்நானமும் காத்திருந்தது. முஸ்லிம்கள் தமக்கென நடத்திய பள்ளிக்கூடம் அரசு உதவி பெறுவதற்கு, எல் சொக்கோரோ என்ற ஊரில், 1949 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நிக்காஹ் விஷயம் இன்னும் வேதனையானது. ஹஸ்ரத் முன்னிலையில், சாட்சிகளோடு, மஹர் கொடுத்து நடந்த நிக்காஹ் சட்டத்தின் கண்ணில் திருமணமே அல்ல. அரசிடம் தனியே பதிவு செய்யாதவர்களின் குழந்தைகள் முறைகேடாய்ப் பிறந்தவர்களாகவே கருதப்பட்டனர். தகப்பன் இறந்தால் சொத்துக்கு வழக்காடினர். 1930களின் நடுவில்தான் முஸ்லிம் திருமணங்களைப் பதிவு செய்யும் சட்டம் வந்தது. பின்னர் 2017இல் எல்லா மதத்தவர்க்கும் 18 வயதே திருமண வயது என்று பொதுச் சட்டம் இயற்றப்பட்டது.

தெற்கே சான் பெர்னாண்டோ. இங்கே காண வேண்டியது கட்டடம் அன்று. நகருக்குள் நுழையும் சாலைகள். அங்கே முஹர்ரமை 'ஹோஸே' என்பார்கள். ஹுஸைன் என்ற பெயரின் சிதைவு. தாஜியா கட்டி, தாசா பறை முழக்கி ஊர்வலம் வருவார்கள். நம் தஞ்சைப் பகுதிக் கிராமங்களில் பஞ்சா எடுக்கும்போது இந்துக்களும் சேர்ந்துகொள்வதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாயிராது. மார்க்க அடிப்படையில் இந்த வழக்கத்தில் நமக்கு உடன்பாடில்லை. அங்குள்ள சுன்னத் ஜமாஅத்தினர் பெரும்பாலோரும் உடன்படுவதில்லை. ஆனால் 1884ஆம் ஆண்டு நடந்தது மார்க்கச் சட்டப் பிரச்சினை அன்று. கூலிகள் ஒரே இடத்தில் திரண்டால் ஆபத்து என்று அஞ்சிய அரசு, ஊர்வலம் நகருக்குள் வரக் கூடாது என்று தடை விதித்தது. தடையை நீக்கக் கோரி விண்ணப்பம் எழுதியவர்களின் முன்னணியில் நின்றவர் சுக்கு என்ற இந்து. விண்ணப்பம் தள்ளுபடியாயிற்று. அக்டோபர் 30ஆம் நாள் ஊர்வலம் வழக்கம்போல் வந்தது. நகர எல்லையில் காத்திருந்த படையினர் சுட்டார்கள். குறைந்தது 16 பேர் மாண்டனர். நூற்றுக்கும் மேற்பட்டோர் காயமுற்றனர். இந்துவும் முஸ்லிமும் ஒரே சாலையில் வீழ்ந்து கிடந்தார்கள்.

வாட்டர்லூ கடற்கரையைத் தவற விடாதீர்கள். சிவதாஸ் சாது என்ற கரும்புத் தொழிலாளி 1947இல் சர்க்கரைக் கம்பெனி நிலத்தில் கோயில் கட்டினார். கம்பெனி இடித்தது, அவருக்குச் சிறையும் கிடைத்தது. நிலம்தானே உங்களுடையது என்று, மிதிவண்டியில் கல் சுமந்து கடலுக்குள்ளேயே அடித்தளம் போட்டார். வழிபாட்டில் நாம் வேறுபட்டவர்கள். ஆயினும் நம் பள்ளிவாசல்களுக்கு மண் சுமந்த முன்னோர்களை எண்ணிப் பார்ப்பவர், அந்த மனிதரின் வைராக்கியத்தை மதிக்காமல் இருக்க முடியாது. அருகிலேயே 2006இல் திறக்கப்பட்ட இந்திய கரீபிய அருங்காட்சியகம் உள்ளது.

பயணத்துக்குச் சில வார்த்தைகள். மழை குறைந்த காலம் ஜனவரி முதல் மே வரை. இந்தியாவுக்குத் திரும்ப வேண்டியவர்கள் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் இன்றிப் போக வேண்டாம். டிரினிடாட் அந்நோய் உள்ள நாடுகளின் பட்டியலில் இருப்பதால், நம் விமான நிலையத்தில் தடுத்து வைப்பார்கள். பயணத்துக்குப் பத்து நாளேனும் முன்பே ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். ஹலால் உணவுக்கு அலைய வேண்டியதில்லை. தெருவோரங்களில் 'டபுள்ஸ்' என்று ஒன்று விற்பார்கள். எண்ணெயில் பொரித்த மெல்லிய இரண்டு மாவு வட்டுகளுக்கிடையே கொண்டைக்கடலைக் குழம்பு. இன்று அந்நாட்டின் தேசியச் சிற்றுண்டி போலாகிவிட்ட இதை 1930களில் பிரின்சஸ் டவுன் என்ற ஊரில் விற்கத் தொடங்கியது டீன் என்ற முஸ்லிம் குடும்பம். மிளகாய்ச் சாறு சற்றுக் குறைத்தே கேளுங்கள்.

கடைசியாக, அரை நாளாவது ஒதுக்கி, போர்ட் ஆஃப் ஸ்பெயின் செயின்ட் வின்சென்ட் தெருவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்துக்குச் செல்லுங்கள். ஒப்பந்தக் கூலிகளின் பதிவேடுகள் அங்கே உள்ளன. 2011இல் யுனெஸ்கோ அமைப்பு உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்துக்கொண்ட ஆவணங்கள் அவை. கூலி ஒவ்வொருவரும் கப்பலேறுமுன் எழுதப்பட்ட சீட்டில் பெயர், வயது, தந்தை பெயர், மாவட்டம், கிராமம், உயரம், உடலிலுள்ள தழும்பு எல்லாம் இருக்கும். சாதி என்ற கட்டத்தில் 'முசல்மான்' என்றோ 'ஷேக்', 'பட்டாணி' என்றோ எழுதியிருப்பார்கள். இன்றும் அத்தீவின் குடும்பங்கள் இந்த ஒற்றைத் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு வட இந்தியக் கிராமங்களுக்குப் போய் உறவினரைத் தேடிக் கண்டுபிடிக்கின்றன.

அடிமைகளுக்கும் ஒரு பதிவேடு உண்டு. 1813இல் டிரினிடாடில் எடுக்கப்பட்டது. 25,000க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் அடங்கியது. அதன் பிரதி லண்டன் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. அதிலும் உயரம் உண்டு, தழும்பு உண்டு, ஆப்பிரிக்காவின் எந்த இனத்தவர் என்பதும் உண்டு. மாண்டிங்கோ என்று பலமுறை வருகிறது. பெயர் மட்டும் எஜமானர் வைத்தது. வளர்ப்புப் பிள்ளையையும் பெற்ற தந்தையின் பெயராலேயே அழைக்கும்படி நமக்குக் கற்பிக்கப்பட்டிருக்கிறது. ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்து வரப்பட்டவனின் தந்தை பெயரை எழுத, அந்தப் பதிவேட்டில் கட்டமே இல்லை.

காப்பகத்தில் தேடுவதற்குக் கப்பலின் பெயரும் வந்த ஆண்டும் தெரிந்திருந்தால் வேலை எளிது. அங்கே திருமண உறவு கொண்ட நம்மவர்கள் யாரேனும் இருந்தால், அவ்வீட்டுப் பெரியவர்களிடம் அவ்விரண்டையும் இப்போதே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.